ஒரே நாளில் இரண்டு சொட்டு மருந்து: பிரித்துக் கொடுக்கத்தான் வேண்டுமா?

பிறந்து ஆறு வாரம் நிறைந்த குழந்தையைத் தடுப்பூசிக்காகத் தூக்கி வரும் பெற்றோர், அன்று ஒரே அமர்வில் தம் குழந்தைக்குத் தரப்படுவனவற்றைக் கண்டு சற்றே திகைப்பது இயல்பு. வாயில் இரண்டு சொட்டுப் போலியோ மருந்து. அதே வாயில், தயாரிப்பைப் பொறுத்து ஐந்து சொட்டாகவோ அரைத் தேக்கரண்டி அளவு திரவமாகவோ ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து. தொடைகளில் பென்டாவேலன்ட் ஊசியும் நிமோகாக்கல் ஊசியும். மேற்கையில் தோலுக்குள் போடப்படும் சிறிய போலியோ ஊசி. ஊசிகளைப் பற்றிப் பெற்றோர் எழுப்பும் வினா பெரும்பாலும் வலியையும் காய்ச்சலையும் பற்றியது. சொட்டு மருந்துகளைப் பற்றிய வினாவோ வேறு வகையானது. "இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போனால் ஒன்றை மற்றொன்று கெடுத்துவிடாதா? ஒன்றை இன்றும் மற்றதை இரு வாரம் கழித்தும் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளனர்.

இவ்வினாவுக்கு "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று ஒற்றை வரியில் விடை கூறி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அந்த விடை முழு உண்மை அன்று. வாய்வழித் தடுப்பு மருந்துகள் குடலுக்குள் ஒன்றையொன்று பாதிப்பதுண்டு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அறிந்த செய்தி அது. எனவே, ஐயம் எழுப்பும் பெற்றோரை அறியாதவர் என்று ஒதுக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. அதே வேளையில், அந்த உண்மையிலிருந்து "ஆகவே பிரித்துக் கொடுப்போம்", "ஆகவே ஒன்றைத் தவிர்ப்போம்" என்னும் முடிவுக்குச் செல்வதையும் நாங்கள் ஏற்பதில்லை. உண்மையை முழுதும் அறிந்தால், குறித்த நாளில், குறித்தபடி, எல்லாத் தவணைகளையும் கொடுத்து முடிப்பதே சரியான முடிவு என்பது விளங்கும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடல் என்னும் களம்

ஊசி மருந்துக்கும் சொட்டு மருந்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் குழந்தைகளுக்கு வாய்வழி தரப்படும் இரு மருந்துகளிலும் உள்ளவை உயிருள்ள, ஆனால் நோய் விளைக்கும் ஆற்றல் ஒடுக்கப்பட்ட வைரஸ்கள். இவை குடலை அடைந்து, குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் புகுந்து, அங்கே ஓரளவு பெருகினால்தான் பயன் தரும். ரோட்டா வைரஸ் சிறுகுடலின் உட்புறத்தில் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனி அணுக்களில் பெருகுகிறது. போலியோ வைரஸ் தொண்டையிலும், குடலிலும், குடற்சுவரில் அமைந்த நிணநீர்த் திசுக்களிலும் பெருகுகிறது. அவ்வாறு பெருகும்போது, உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு, குருதியில் மட்டுமன்றிக் குடலின் உட்பரப்பிலும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கக் கற்றுக்கொள்கின்றன. பின்னாளில் உண்மையான நோய்க்கிருமி வாய்வழியே நுழையும்போது, வாசலிலேயே அதைத் தடுத்து நிறுத்தும் காவல் இவ்வாறு உருவாகிறது. குருதியில் காவலை எழுப்பும் ஊசி மருந்து, குடலின் வாசலில் அவ்வளவு வலிய காவலைத் தானாக எழுப்புவதில்லை. சொட்டு மருந்தின் தனிச்சிறப்பு இதுவே.

அதன் வலுக்குறைவும் இங்கேதான் இருக்கிறது. ஊசி மருந்து தசைக்குள் முழு அளவாகச் சென்று சேர்ந்துவிடும். சொட்டு மருந்தோ இரைப்பையின் அமிலத்தைக் கடக்க வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்களைக் கடக்க வேண்டும். ஏற்கெனவே குடலில் குடியேறியிருக்கும் பிற நுண்ணுயிர்களுக்கு இடையே தனக்கோர் இடம் தேட வேண்டும். ஒரு வைரஸ் குடலில் பெருகத் தொடங்கியதும், பாதிக்கப்பட்ட அணுக்கள் இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களை வெளியிட்டு அண்டை அணுக்களை எச்சரிக்கின்றன. எச்சரிக்கை பெற்ற அணுக்கள் வேறு வைரஸ்களுக்கும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஒரு வைரஸ் மற்றொன்றின் பெருக்கத்தில் குறுக்கிடும் இந்நிகழ்வை ஆராய்ந்தபோதுதான் 1957-இல் இன்டர்ஃபெரான் கண்டறியப்பட்டது. குறுக்கீடு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. ஆக, ஒரே குடலில் இரண்டு உயிருள்ள வைரஸ்களைச் செலுத்தினால் ஒன்று மற்றொன்றை ஓரளவு பின்தள்ளும் என்பது எதிர்பார்க்கத் தக்கதே.

போலியோ மருந்துக்குள்ளேயே இருந்த போட்டி

இத்தகைய போட்டி முதலில் தென்பட்டது இரு வேறு மருந்துகளுக்கு இடையே அன்று, ஒரே மருந்துக்குள்ளேயே. ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய போலியோ சொட்டு மருந்தில் மூன்று வகை வைரஸ்கள் இருந்தன. மூன்றையும் சம அளவில் கலந்து கொடுத்தால், குடலில் மிக எளிதில் பெருகும் இரண்டாம் வகை முந்திக்கொண்டு, முதலாம், மூன்றாம் வகைகளுக்கு வாய்ப்பளிக்காது. ஆகவே, முதலாம் வகையை இரண்டாம் வகையைவிடப் பத்து மடங்கு கூட்டி வைத்து மருந்தைச் சமன் செய்தனர். பல தவணைகள் கொடுக்கும் வழக்கத்துக்கும் இதுவே ஒரு காரணம். முதல் தவணையில் ஒரு வகை வென்றால், குடலில் அவ்வகைக்கு எதிரான காவல் அமைந்துவிடும். அடுத்த தவணையில் அது தடுக்கப்பட, மற்ற வகைகளுக்கு இடம் கிடைக்கும்.

மேலைநாடுகளில் மூன்று தவணைகள் போதுமானவையாக இருந்தன. நம் நாட்டில் அவ்வாறு அமையவில்லை. மூன்று தவணைகளுக்குப் பின்னும் இந்தியக் குழந்தைகள் பலரிடம் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 1970-களிலேயே எடுத்துக்காட்டினர். உத்தரப் பிரதேசத்தில் மூவகை மருந்தின் ஒரு தவணை முதலாம் வகைப் போலியோவுக்கு எதிராக ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் பாதுகாப்பையே தந்தது என 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு தவணை நூற்றில் ஒன்பது குழந்தைகளைக் காக்கிறது. அடுத்தது எஞ்சியவர்களுள் நூற்றுக்கு ஒன்பது பேரைக் காக்கிறது. இவ்வாறே பத்துத் தவணைகள் முடியும்போது நூற்றில் அறுபது பேர் பாதுகாப்புக்குள் வந்துவிடுகின்றனர். "இத்தனை முறை ஏன் சொட்டு மருந்து?" என்று சலித்துக்கொண்ட தலைமுறைக்கு உரிய விடை இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

போட்டியைப் புரிந்துகொண்டதே பின்னர் வெற்றிக்கும் வழி வகுத்தது. 2005-இல் ஒருவகை வைரஸ் மட்டும் கொண்ட மருந்தும், 2010-இல் முதலாம், மூன்றாம் வகைகள் மட்டும் கொண்ட இருவகை மருந்தும் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்தன. முந்திக்கொள்ளும் இரண்டாம் வகையை நீக்கியதும் மற்ற இரண்டும் குடலில் நன்கு வேரூன்றின. 2011 சனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோயுற்ற குழந்தையே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி. 2014 மார்ச் 27-இல் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. குடலுக்குள் நிகழும் போட்டியைக் கண்டு அஞ்சி மருந்தைக் கைவிட்டிருந்தால் இந்த நாள் வந்திராது. போட்டியை அளந்து, மருந்தையும் தவணைகளையும் அதற்கேற்பத் திருத்தியமைத்ததால் வந்தது.

குடலில் நிகழ்வது எப்போதும் போட்டியே என்றும் கருத வேண்டா. முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்குப் போலியோ ஊசி போட்டபோது, அவர்களுடைய குடலின் எதிர்ப்பாற்றல் மேலும் வலுவடைந்ததை வேலூரிலும் உத்தரப் பிரதேசத்திலும் நடந்து 2014-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சொட்டு மருந்து கற்றுத் தந்த பாடத்தை ஊசி நினைவூட்டுகிறது எனலாம். தேசிய அட்டவணையில் சொட்டு மருந்தும் போலியோ ஊசியும் இணைந்து இடம்பெற்றிருப்பது தேவையற்ற இரட்டிப்பு அன்று.

போலியோவும் ரோட்டாவும் சந்திக்கும்போது

இனி, பெற்றோர் கேட்கும் வினாவுக்கே வருவோம். போலியோ சொட்டு மருந்தையும் ரோட்டா மருந்தையும் ஒரே நாளில் கொடுத்தால் நிகழ்வது என்ன? பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. ரோட்டா மருந்து போலியோ மருந்தின் பயனைக் குறைப்பதில்லை. போலியோ சொட்டு மருந்தோ ரோட்டா மருந்தின் எதிர்வினையை ஓரளவு குறைக்கிறது; இக்குறைவு முதல் தவணையில் மிகுதி, அடுத்த தவணைகளில் குறைவு. பங்களாதேசத்தின் கிராமப்புறத்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டையும் ஒன்றாகப் பெற்ற குழந்தைகளுள் 47 விழுக்காட்டினரிடமும், வெவ்வேறு நாள்களில் பெற்றவர்களுள் 63 விழுக்காட்டினரிடமும் ரோட்டாவுக்கு எதிரான குருதி எதிர்வினை காணப்பட்டது.

இவ்வேறுபாடு சிறிதன்று, அதை மறைப்பதற்கில்லை. பிரித்துக் கொடுக்கலாமே என்று கேட்பவரின் வாதத்துக்கு இதுவே வலுவான சான்று. ஆயினும் இரண்டு செய்திகளை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

முதலாவது, குருதியில் காணும் எதிர்வினை வேறு, நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு வேறு. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் போலியோ சொட்டு மருந்துடன் சேர்த்தே ரோட்டா மருந்தைக் கொடுத்து நடத்திய ஆய்வில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கிலிருந்து 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கிடைத்தது. எதிர்வினை சற்றுக் குறைந்தாலும் காக்கும் திறன் பெருமளவு நிலைத்தது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, நம் நாட்டில் மருந்தின் திறனாகக் கூறப்படும் எண்ணில் இக்குறுக்கீடு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. தில்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுக்கப்பட்ட 116இ என்னும் வைரஸிலிருந்து உருவான இந்திய மருந்து, தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. அக்குழந்தைகள் போலியோ சொட்டு மருந்து உள்ளிட்ட வழக்கமான தடுப்பு மருந்துகளையும் உடன் பெற்றனர். 2014-இல் வெளியான முடிவின்படி, கடுமையான ரோட்டா நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ 54 விழுக்காடு. தேசியத் திட்டத்தில் 2016 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட பின், மருத்துவமனைகளில் அளந்தபோதும் ஏறக்குறைய இதே அளவு பயன் காணப்பட்டது. ஆக, ஒன்றாகக் கொடுப்பதால் இந்த 54 விழுக்காடு மேலும் குறைந்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. ஒன்றாகக் கொடுத்தபோது கிடைத்ததே அந்த எண்.

பாதிதானா என்னும் ஏமாற்றம்

"பணக்கார நாடுகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் காக்கும் மருந்து இங்கே பாதிதான் காக்கிறதா?" என்று ஒருவர் கேட்கலாம். ஆம் என்பதே நேர்மையான விடை. போலியோ மருந்து ஒன்றே இதற்குக் காரணமன்று. கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் எதிர்ப்பொருள்கள் நம் நாட்டில் மிகுதி. தாய்மாரே அடிக்கடி இக்கிருமியை எதிர்கொண்டவர்கள் என்பதே காரணம். வேலூர், மலாவி, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களின் குழந்தைகளை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வு, தாய்வழி எதிர்ப்பொருளும் குடல் நுண்ணுயிர்களின் பன்மையும் மருந்தின் எதிர்வினையைக் குறைப்பதோடு தொடர்புடையன என்று காட்டியது. தூய்மையற்ற நீராலும் சூழலாலும் குழந்தையின் குடலில் ஓயாது நுழையும் பிற வைரஸ்களும் இப்போட்டியில் பங்குகொள்கின்றன. போலியோ அல்லாத பிற குடல் வைரஸ்கள் இருக்கும்போது போலியோ சொட்டு மருந்தின் பயன் குறைவதும் அறியப்பட்டதே.

ஆனால் "பாதி" என்பதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மருந்து வருவதற்கு முன், வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றில் நாற்பது பேரிடம் ரோட்டா வைரஸ் காணப்பட்டது. கண்கள் குழிவிழுந்து, நா வறண்டு, அழுதாலும் கண்ணீர் வராத நிலையில் கொண்டுவரப்படும் கைக்குழந்தையின் நரம்பில் ஊசி ஏற்றத் தடுமாறிய இரவுகளைக் குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் எவரும் மறவார். அத்தகைய இரவுகளில் பாதி குறைவது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவ்வளவு பெரிது என்பதை நாங்கள் அருகிலிருந்து காண்கிறோம்.

பிரிப்பதால் இழப்பது என்ன?

"எங்களால் தவறாமல் இரண்டு முறையும் வர முடியும், எங்கள் குழந்தைக்கு மட்டுமாவது பிரித்துத் தரலாமே" என்று சில பெற்றோர் வற்புறுத்துவதுண்டு. அவர்களுடைய அக்கறையை நாங்கள் மதிக்கிறோம்; ஆயினும் அறிவுரையை மாற்றிக்கொள்ள இயலவில்லை.

ஆறு, பத்து, பதினான்கு வாரங்கள் என்னும் கணக்கு, குழந்தையின் முதலாண்டிலேயே ரோட்டா நோய் தாக்குகிறது என்பதை அறிந்து வகுக்கப்பட்டது. ஒன்றைத் தள்ளிப்போட்டால் அந்த இடைவெளியில் குழந்தை காப்பின்றி இருக்கும். தள்ளிப்போடும் மருந்து எது என்பதும் சிக்கலான வினா. ரோட்டா மருந்தைத் தள்ளிப்போட்டால், அதன் மூன்று தவணைகளும் வரிசையாகப் பின்னுக்குச் செல்கின்றன. முதலாண்டுக்குள் தொடங்காவிட்டால் அதைக் கொடுக்கவும் இயலாது. போலியோ மருந்தைத் தள்ளிப்போட்டாலோ, "போலியோதான் ஒழிந்துவிட்டதே" என்னும் பிழையான நிம்மதிக்கு இரையாகிறோம். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் முதலாம் வகை இன்னும் உலவுகிறது. 2022-இல் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பு மருந்து பெறாத ஒருவர் போலியோவால் கால் செயலிழந்தார். அதே ஆண்டு இலண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. 2024-இல் காசாவில் பத்து மாதக் குழந்தையொன்று இந்நோய்க்கு ஆளாயிற்று.

நடைமுறையையும் கருத வேண்டும். மூன்று வருகைகளை ஆறாக்கினால், தாயோ தந்தையோ மூன்று நாள் கூலியை மேலும் இழக்க நேரும். இரண்டாம் நாளன்று குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும், அல்லது வீட்டில் ஒரு விசேடம் வரும், தவணை நழுவும். ஆய்வில் பங்குகொண்ட குழந்தைகளைத் தேடிச் சென்று நாள் தவறாமல் மருந்து கொடுக்கப் பணியாளர்கள் இருந்தனர். நம் குடும்பங்களுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. முதல் தவணையின் எதிர்வினையில் சில விழுக்காடு கூட்டிக்கொள்ள முனைந்து, மூன்றாம் தவணையையே இழப்பது நல்ல கணக்கன்று. குறுக்கீட்டால் வரும் குறையை ஈடுசெய்யவே மூன்று தவணைகள் இருக்கின்றன. ஈடுசெய்யும் வழி மூன்றையும் முடிப்பதே.

வீட்டில் செய்யத் தக்கனவும் தகாதனவும்

குடலின் செய்தியை அறிந்தவுடன், "அப்படியானால் குடலைச் சுத்தம் செய்துவிட்டு மருந்து கொடுப்போமே" என்னும் எண்ணம் சிலருக்கு எழுகிறது. இதனை நாங்கள் வலிமையாக மறுக்கிறோம். வேலூரில் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்த பின் போலியோ சொட்டு மருந்து தந்து ஆராய்ந்தனர். குடலிலிருந்த பாக்டீரியாக்கள் குறைந்தனவே தவிர, போலியோ மருந்தின் பயன் கூடவில்லை. ஆகவே, கடையில் வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லியோ, பேதி மருந்தோ, வசம்பும் சாதிக்காயும் இழைத்த உரைமருந்தோ, கிரைப் வாட்டரோ தடுப்பு மருந்து நாளை முன்னிட்டுத் தர வேண்டா. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும்.

தாய்ப்பாலிலும் எதிர்ப்பொருள்கள் உள்ளன என்று அறிந்த சிலர், மருந்துக்கு முன்னும் பின்னும் பாலூட்டுவதை நிறுத்துகின்றனர். வட இந்தியாவிலும், பாகிஸ்தானின் கராச்சியிலும், தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவிலும் இதனை ஆராய்ந்து பார்த்தனர். பாலை நிறுத்தியதால் ரோட்டா மருந்தின் பயன் கூடவில்லை. பசித்து அழும் குழந்தையைக் காக்க வைக்காதீர்கள். மருந்துக்கு முன்னரும் பின்னரும் தயங்காமல் பாலூட்டுங்கள்.

இலேசான சளியோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் குறித்த நாளில் வாருங்கள்; மருந்து தருவதா, சில நாள் தள்ளுவதா என்பதைக் குழந்தையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மருந்தைக் குழந்தை துப்பிவிட்டாலோ உடனே வாந்தி எடுத்தாலோ செவிலியரிடம் தெரிவியுங்கள். வீட்டுக்குச் சென்று நீங்களே முடிவெடுக்க வேண்டா. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கும், முன்பு குடல் செருகல் ஏற்பட்ட குழந்தைகளுக்கும் இம்மருந்துகளைத் தரும் முன் மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

குடல் செருகல் என்பது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் நிலை. 1998-இல் அமெரிக்காவில் அறிமுகமான முதல் ரோட்டா மருந்து இக்காரணத்தால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. இப்போது இந்தியாவில் தரப்படும் 116இ வகை மருந்தால் இவ்வாபத்து கூடியதாக, இங்கு விரிவாக நடந்து 2020-இல் வெளியான கண்காணிப்பு ஆய்வு காணவில்லை. எனினும், தடுப்பு மருந்து பெற்றாலும் பெறாவிட்டாலும் கைக்குழந்தைகளுக்கு இந்நிலை அரிதாக வரக்கூடும். விட்டு விட்டு வீறிட்டு அழுதல், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளுதல், தொடர் வாந்தி, வயிறு உப்புதல், மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து போதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

இம்மலரைப் படிப்போருள் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரும் உண்டு. வீட்டில் பேரக் குழந்தைக்குச் சொட்டு மருந்து தந்திருந்தால், அந்த வைரஸ் சில நாள் முதல் சில வாரம்வரை குழந்தையின் மலத்தில் வெளியேறும். ஆகவே, குழந்தையின் துணியை மாற்றும் பொறுப்பை வேறொருவர் ஏற்பதும், மாற்றியவர் சோப்பிட்டுக் கைகழுவுவதும் இன்றியமையாதவை. இதை முன்னிட்டுக் குழந்தையின் மருந்தை நிறுத்தும் முன் உங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

மருந்து பெற்ற குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வரலாம் என்பதை மேற்கூறிய எண்களே உணர்த்தும். அப்போது "மருந்து பொய்த்தது" என்று கருதாமல், உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், தாய்ப்பாலைத் தொடருங்கள், மருத்துவர் தரும் துத்தநாக மருந்தைப் பதினான்கு நாளும் கொடுத்து முடியுங்கள். தடுப்பு மருந்தும் கரைசலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணை.

எங்கள் கடமையும் சமூகத்தின் கடமையும்

இவ்வளவும் கூறிய பின், பொறுப்பு முழுவதையும் பெற்றோர் தோளில் ஏற்றிவிடுவது முறையாகாது. மருத்துவப் பணியாளராகிய எங்களுக்குச் சில கடமைகள் உண்டு. தடுப்பு மருந்து நூற்றுக்கு நூறு காக்கும் என்று மிகைப்படுத்தாமல், பாதி காக்கும் என்றால் பாதி என்றே கூறுவது முதற்கடமை. மிகைப்படுத்திய சொல், மருந்து பெற்ற குழந்தை நோயுறும் நாளில் எல்லாத் தடுப்பூசிகளின் மீதும் ஐயத்தை விதைக்கும். ஒவ்வொரு வினாவுக்கும் பொறுமையாக விடை கூறுவதும், எந்த மருந்து எந்த நாளில் தரப்பட்டது என்பதை அட்டையில் தெளிவாக எழுதித் தருவதும் எங்களிடம் நீங்கள் உரிமையோடு எதிர்பார்க்கத் தக்கவை.

ஆட்சியாளரும் உள்ளாட்சி அமைப்புகளும் எண்ண வேண்டியதும் உண்டு. குழந்தையின் குடலில் இடம்பிடிக்கப் போட்டியிடும் கிருமிகளுள் பெரும்பாலானவை குடிநீர் வழியும் கழிவுநீர் வழியும் வருபவை. குழாயில் தூய நீரும், தெருவில் மூடிய சாக்கடையும் இருக்கும் ஊரில் குழந்தைகளின் குடல் ஓயாத போராட்டத்திலிருந்து விடுபடும். தடுப்பு மருந்தை வாங்குவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அது வேலை செய்வதற்கு ஏற்ற சூழலை அமைப்பதும் சுகாதாரத் திட்டத்தின் பகுதியே.

ஆராய்ச்சியாளரும் ஓய்ந்திருக்கவில்லை. இந்தோனேசியாவில் பிறந்த ஐந்து நாளுக்குள்ளேயே ரோட்டா மருந்தின் முதல் தவணையைத் தொடங்கிப் பார்த்தபோது, பதினெட்டு மாதம்வரை 75 விழுக்காட்டுப் பாதுகாப்புக் கிடைத்ததாக 2018-இல் வெளியான முடிவு கூறுகிறது. போலியோ சொட்டு மருந்தே தேவைப்படாத காலம் ஒன்றும் வரலாம். அட்டவணை மாறினால் அதை இம்மலரிலேயே அறிவிப்போம். அதுவரை, இன்றுள்ள அட்டவணையே நம் குழந்தைகளுக்குக் கிடைக்கும் சிறந்த பாதுகாப்பு.

ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களைச் சுவர் நாட்காட்டியில் இன்றே குறித்துவையுங்கள். தாய் சேய் நல அட்டையை மறவாமல் கொண்டு வாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போலியோ முகாம் அறிவிக்கப்படும்போது, "முன்பே கொடுத்தாயிற்று" என்று எண்ணாமல் மீண்டும் கொடுங்கள். ஐயம் எழுந்தால் அதைக் கைப்பேசியில் வரும் செய்திகளிடம் கேட்காமல் எங்களிடம் கேளுங்கள். தவணை தவறியிருந்தாலும் தயங்க வேண்டா. விட்ட இடத்திலிருந்து தொடரும் வழியை மருத்துவர் கூறுவார்.